சாத்திய கதவைத் தட்டாத பிள்ளை

நாற்காலியை நிறைத்ததோடு நில்லாமல் எங்கள் நெஞ்சையும் நிறைத்து வீற்றிருக்கும் சபைத் தலைவர் அவர்களே! நரைத்த தலைகளால் முன்வரிசைக்கே வெளிச்சம் தரும் பெரியோர்களே! பெற்று, பேணி, பிறர் நலம் பேசக் கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் சுவரோரம் நின்று கேட்கும் இளையோரே! ஏடு தொட்டறியாத இந்தக் கிழட்டுப் பெயின்டரின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும் உரியதாகுக!

என் தங்கை மகன் அயல்நாட்டில் வீடு வீடாய்ப் போய் ஆண்டவன் வார்த்தை சொல்லும் ஊழியம் முடித்து வீடு திரும்பியிருக்கிறான். தாய்மாமன் நீங்கள் நாலு வார்த்தை வரவேற்றுப் பேசுங்கள் என்றார்கள். வந்துவிட்டேன். ஆனால் வரவேற்கப்பட வேண்டியவன் எங்கே? பட்டுத்துணி போர்த்திய அந்த நாற்காலி ஏன் காலியாய்க் கிடக்கிறது?

என்னய்யா சொல்கிறீர்கள்? பயணக் களைப்பா? இல்லை ஐயா, இல்லை! களைப்பென்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். இது போகாது. முந்தாநாள் நடந்தது.

என் தங்கை கணவனை இழந்தவள். அவளுக்கு அவன் ஒரே பிள்ளை. அவன் புறப்பட்ட சில மாதத்தில் அவள் கண்கள் மங்கத் தொடங்கின. மங்கி, மங்கி, பார்வையே போய்விட்டது. இது யாருக்குத் தெரியாது? தலைவருக்குத் தெரியும், தாய்மார்களுக்குத் தெரியும், இந்த மண்டபத்துத் தூணுக்கும் தெரியும். தெரியாதவன் ஒருவன்தான். அவளைப் பெற்றவளாகக் கொண்டவன்!

ஊழியத்தில் இருப்பவர் காதில் வீட்டுத் துயரம் விழலாகாது என்பது நம் சபையின் வழக்கம் அல்லவா? "சொன்னா ஓடி வந்துடுவான் அண்ணே. ஆண்டவன் வேலையைப் பாதியில விட வெச்ச பாவம் எனக்கு வேணாம்" என்றாள் தங்கை. சபையும் தலையாட்டியது. வாரம் ஒருமுறை அவன் போனில் முகம் காட்டிப் பேசுவான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா போனைப் பிடித்துக்கொண்டு, தங்கையின் முகத்தைச் சரியான பக்கம் திருப்பி வைப்பார். அவன் திரையில் என்ன காட்டினாலும் காதோரம் கிசுகிசுப்பார்.

ஒருநாள் அந்த அம்மாவுக்கு இருமல். அந்த நேரம் பார்த்து அவன் புதுச் சட்டையைக் காட்டினான்.

"எப்படிம்மா இருக்கு?"

"உனக்கென்னடா, நீலம் எப்பவும் எடுப்பா இருக்கும்."

"அம்மா, இது மஞ்சள்மா!"

தையல்காரம்மா இருமலை விழுங்கிவிட்டு, "போன் பழசு தம்பி, கலரெல்லாம் மாத்தி மாத்திக் காட்டுது" என்று போட்டாரே ஒரு போடு!

சிரிக்கிறீர்கள். நாங்களும் அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். முகம் புதைத்துச் சிரித்தாள் தங்கை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வயிறு எரிகிறது!

முந்தாநாளுக்கு வருகிறேன். அவனை அழைத்துவர நான் பேருந்து நிலையம் போனேன். அவனோ முந்தைய வண்டியிலேயே வந்து இறங்கி, நேரே வீட்டுக்கு நடந்துவிட்டான். தன் வீட்டு வாசல். தான் ஓடி விளையாடிய வாசல். என்ன செய்தான் தெரியுமா? கதவைத் தட்டினான், பின்வாங்கித் தள்ளி நின்றான், கை கட்டி வாய் மூடிக் காத்திருந்தான். ஏன்? ஊழியத்தில் பழக்கிய பழக்கம்! அந்நியர் வீட்டில் அப்படித்தான் நிற்க வேண்டும், வீட்டார் பேசும்வரை பேசக் கூடாது என்று அவனுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கால் பழகிவிட்டது, வாயும் பழகிவிட்டது.

கதவு திறந்தது. தாய் நின்றாள். அவன் முகத்துக்கு நேரே முகம் வைத்துக் கேட்டாள்: "யாருங்க? பையன் வர்ற நேரம், வீட்ல வேலை கெடக்கு. அப்புறமா வாங்க."

சாத்திவிட்டாள்!

பெற்றவள் பார்த்துக்கொண்டே "யாருங்க" என்றால் எந்தப் பிள்ளைக்கு நா எழும்? மறுபடி தட்டலாமே என்கிறீர்களா? தட்டக் கூடாது. சாத்திய கதவை மீண்டும் தட்டாதே. அதுவும் அவர்கள் ஊழியத்தின் விதி. ஊரார் கதவுக்கு வைத்த விதியைத் தாயின் கதவுக்கும் வைத்துக்கொண்டு, தெருவில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான் என் மருமகன்.

நான் திரும்பி வந்தவன் பதறிப்போனேன். "என்ன மாப்ளே, வெளியே உட்கார்ந்திருக்கே?"

"மாமா, அம்மாவுக்கு என் மேல என்ன கோபம்? என்னைப் பார்த்துட்டே கதவைச் சாத்திட்டாங்க."

கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். அடுப்படியிலிருந்து சுவரைத் தடவித் தடவி வந்தாள் தங்கை. அவனுக்கு எதிரில், மூச்சுப் படும் தூரத்தில் நின்று கேட்டாள்: "வந்துட்டீங்களா அண்ணே? எங்க அவன்? வண்டி வரலையா?"

ஐயா, எத்தனையோ சுவர் வெளுத்துப் பார்த்தவன் நான். ஒரு மனித முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை!

அவள் கண்ணுக்கு முன்னால் மெல்லக் கையை அசைத்தான். இமை அசையவில்லை. "அம்மா" என்றான். அந்தக் குரல் கேட்டதும் அவள் காற்றில் கை வீசித் தேடினாள் பாருங்கள்! முகத்தைத் தொட்டாள், மூக்கைத் தொட்டாள், "அப்போ வந்தது நீயாடா? உன்னையாடா வெளியே அனுப்பினேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இதோடு முடிந்ததா? முடியவில்லையே! "டாக்டர்கிட்டப் போகலையாம்மா?" என்றான்.

"போனேன்டா. ஆபரேஷன் பண்ணினா இருக்கிற பார்வையாவது நிக்கும்னாங்க."

"அப்புறம் ஏம்மா பண்ணல?"

"கட்டுப் போட்டா நீ போன்ல பார்த்துடுவியேடா!"

தலைவரே, நேரமாகிவிட்டதென்று மணியை அடிக்காதீர்கள். இதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். எனக்கே அன்றுதான் தெரியும்! "நீ வந்தப்புறம் பண்ணிக்கலாம்னு இருந்தேன்" என்றாள். நேற்று அவளைத் தூக்காத குறையாக மருத்துவரிடம் கொண்டுபோனான். காலம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவர் கைவிரித்துவிட்டார்.

இன்று காலை அவன் என்னிடம் சொன்னதைக் கேளுங்கள். "வீடு வீடாப் போய் உண்மை உண்மைன்னு தொண்டை கிழியப் பேசினேன் மாமா. என் வீட்ல எனக்கு ஒருத்தரும் உண்மை சொல்லல. ஓடி வரணுமா, இருக்கணுமான்னு நான்தானே முடிவு பண்ணணும்? யாரைக் கேட்டு எனக்குப் பதிலா நீங்க முடிவு பண்ணீங்க? அந்த மேடையில ஏறினா என்னைத் தியாகின்னு சொல்வாங்க. தியாகம் நான் பண்ணினதா? என்னால தாங்க முடியாது, நீங்க போங்க."

பதில் இருக்கிறதா சபையே? பேசத் தெரிந்த பெரியவர்களே, பதில் இருக்கிறதா? துயரத்தை மறைத்தோமே, துயரம் தொலைந்ததா? கண்ணீரை மறைத்தோமே, கண் மிஞ்சியதா? அவன் பணி கெடக் கூடாது என்று எண்ணினோம்; அவள் பார்வை கெட்டுப் போனதே! அன்பு என்று பேர் வைத்தோம், பக்தி என்று பேர் வைத்தோம். ஆண்டவன் கேட்டானா இந்தக் காணிக்கையை? கேட்டானா? போதும், இந்த வழக்கம் இந்த மேடையோடு ஒழியட்டும்!

அடுத்த வாரம் பயணம் புறப்படும் மகள் ஒருத்தி நம்மிடையே அமர்ந்திருக்கிறாள். அவள் வீட்டிலும் ஒரு செய்தியை மூடி வைத்திருக்கிறீர்கள். அதை உரக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவளைப் பெற்றவருக்கு உண்டு. ஓட்டுநர் ஐயா, நீங்கள் கடைசி வரிசையில் தனியாய் இருப்பது எனக்குத் தெரிகிறது. உங்கள் மகள் பக்கத்தில் இடம் இருக்கிறது. கேட்ட பிறகு அவள் போவாளோ, நிற்பாளோ, அது அவள் பாடு, அவள் ஆண்டவன் பாடு. தெரியாமல் மட்டும் போக வேண்டாம்.

எழுந்துவிட்டார். வழி விடுங்கள் தம்பிகளா.

பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், கண் துடைத்துக் கேட்ட தாய்மார்க்கும், மணியடிக்காத தலைவருக்கும் நன்றி, வணக்கம். யாரும் கைதட்ட வேண்டாம். அவர் சொல்வது அவளுக்குக் கேட்கட்டும்.