நாலாயிரம் பிறந்தநாள் அறிந்த சீட்ஸ்கே அம்மையாருக்கு

முகவரி கேட்கப் போன ஊரில் முழுச் சரித்திரமும் அறிந்து திரும்பியவரே! விசிட்டிங் கார்டை வாங்கியவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவர் கடைக்கு வெயில்மறைப்பு விற்று முடிக்கும் வித்தகியே! ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் வீதிதோறும் கோடிட்ட துணி விரித்து, வெய்யோனையே விடுப்பில் அனுப்பிய வீராங்கனையே! இன்று ஓய்வுபெறும் சீட்ஸ்கே ஹூக்லாண்ட் அம்மையாரே, வணக்கம்!

அவையோரே, முப்பத்தாறு ஆண்டுகளாக நம் நிறுவனத்தின் வணிக வளர்ச்சித் துறை என்பது ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு சீட்ஸ்கே. அவருடைய வித்தையை இன்று அம்பலப்படுத்துகிறோம். வாடிக்கையாளர் வீட்டில் மூன்று கோப்பை காபி குடிப்பார். மூன்றாவது முடிந்ததும் கழிவறை எங்கே என்பார். நம் டச்சு வீடுகளில் பிறந்தநாள் காலண்டர் தொங்கும் இடம் அதுதானே! தாழ்ப்பாள் விழுந்த ஐந்தாவது நிமிடம், மாமியார் முதல் மச்சினிவரை அத்தனை தேதிகளும் அவர் சட்டைக் கைமடிப்பில் ஏறியிருக்கும். ஆண்டுக்கு நாலாயிரம் வாழ்த்து அட்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மடித்து வைத்த விலைப்பட்டியல்! அவற்றைச் சுமந்தே மூன்று தபால்காரர்கள் அரையடி குள்ளமானார்கள்.

இத்தோடு நிறுத்திப் பூங்கொத்தை நீட்டியிருப்போம். அவர்தான் விடவில்லை. "ரின்ஸே கதையையும் எழுதுங்கப்பா. இல்லேன்னா இந்த மடலை நீங்களே உங்க வீட்டுல மாட்டிக்குங்க" என்றார்.

ரின்ஸே, ஸ்னேக் நகரத்து ரொட்டிக்கடைக்காரர். அவர் மனைவி ஹில்யேவுக்கு இருபது ஆண்டுகள் அட்டை தவறியதில்லை. நான்காண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் ஹில்யே இறந்துபோனார். ரின்ஸே அனுப்பிய, சாம்பல் விளிம்பிட்ட மரண அறிவிப்பு உறை அம்மையாரின் மேசைக்கு வந்தது. அவரோ உட்ரெக்ட் வணிகக் கண்காட்சியில் முந்நூறு விசிட்டிங் கார்டுகள் திரட்டிக்கொண்டிருந்தார். திரும்பியதும் கார்டுகளை அடுக்கினார், உறையைப் பிரிக்கவில்லை. மார்ச்சில் ஹில்யேவின் பிறந்தநாளுக்கு வழக்கம்போல அட்டை போயிற்று: 'இன்னும் பல்லாண்டு வாழ்க!' உள்ளே விலைப்பட்டியல்.

ரின்ஸே தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா சீட்ஸ்கே, ஹில்யே படுத்திருக்கிற இடத்துல மத்தியானம் நல்லா வெயில் அடிக்குது. எத்தனை அடி துணி போடலாம்? விலையைச் சொல்லு."



அந்த வாரம் முதல் சனிக்கிழமைதோறும், காற்றாலைக்கே காற்று விற்கும் நம் அம்மையார் ரின்ஸேயின் கடை வரிசையில் போய் நின்றார். பையிலிருந்து விசிட்டிங் கார்டு எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தால், "வேற என்ன வேணும்?" என்பார் ரின்ஸே. "ஒரு சர்க்கரை ரொட்டி" என்று சொல்லித் திரும்புவார். நான்காண்டுகள்! திங்கள்தோறும் அதைத் தின்றே நம் கணக்குப் பிரிவு கதவுக்குள் நுழையாத அளவுக்குப் பெருத்தது.

போன சனிக்கிழமை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "வெள்ளியோட என் வேலை முடியுது ரின்ஸே. இனி விக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. நீ அனுப்பின உறையை நான் பிரிக்கவே இல்ல. தப்பு என்னுது."

ரின்ஸே ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தார். "பிறந்தநாளுக்கு வர்றவங்களுக்கு நாற்காலிங்களை வட்டமா போடுறப்ப ஹில்யே ஒண்ணு கூடுதலா போடுவா. வருஷா வருஷம் எழுதுற பொம்பளை ஒரு வருஷமாச்சும் வராமலா போவான்னு சொல்வா. இருபது வருஷம் போட்டா, சீட்ஸ்கே. நீ வரல."

பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அம்மையாரே! உங்களைக் கண்காட்சிக்கு அனுப்பியவர்கள் நாங்கள். திரும்பி வந்ததும் எத்தனை கார்டு என்று மட்டுமே கேட்டவர்களும் நாங்கள். அந்த வருத்தத்தில் எங்களுக்கும் பங்குண்டு.

நோய் அண்டாமல், நடை தளராமல், நகைப்புக் குன்றாமல் நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். இதை எழுதும்போதுதான் உறைத்தது: உங்கள் பிறந்தநாள் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. போகும்முன் சொல்லிவிட்டுப் போங்கள். அன்று எழுத மாட்டோம், வருவோம்.

லீவார்டன் வெயில்மறைப்புப் பணிமனையின் பணியாளர் அனைவருக்காகவும்,
சென்ற ஆண்டே ஓய்வுபெற்றும் அலுவலகக் காபியை விடாத
ஓப்பே டைக்மன்