பத்து கியர் சைக்கிளை நான் பூட்டியது பற்றி

என் சீட்டுக்கு உரிய சைக்கிளைத் துரைசாமி ராகு காலத்தில் போய் வாங்கிக்கொண்டார். குற்றம் அதுதான். நான் அதைப் பூட்டியது மறுநாள் நடந்தது. போலீஸ் நிலைய அதிகாரி பூட்டிலிருந்து கேள்வியை ஆரம்பித்ததால் இதை முதலில் எழுதுகிறேன்.

என் பெயர் ஜம்புநாதன். தகப்பனார் பெயர் வைத்தியலிங்கம். வயது அறுபத்து மூன்று. கல்கத்தா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், மூன்றாம் மாடியில், தனியாகக் குடியிருக்கிறேன். எனக்கு வங்காளம் பேசவும் படிக்கவும் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே கற்றது. ஆனாலும் நான் கையெழுத்துப் போடுகிற காகிதம் தமிழில்தான் இருக்க வேண்டும். அலிப்பூர் கோர்ட்டில் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.

வருகிற 22-02-2004 ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரிக்கரை நீச்சல் சங்கத்தார் டிரையத்லான் போட்டி நடத்துகிறார்கள். ஐந்நூறு மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் நிற்காமல். அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர், நானும் துரைசாமியும். இருவருக்கும் இது முதல் தடவை. ஒருவர் மட்டும் இருந்தால் அந்தப் பிரிவு நடக்காது என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது.

துரைசாமி மத்திய அரசு கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிர்வீடு. பதினொரு வருடமாக இருவரும் ஏரியில் நீந்துகிறோம். தண்ணீரில் நான் அவருக்கு இரண்டு நிமிடம் முன்னால் வருவேன். ஓட்டத்தில் சமம். அவருடைய மகள் மதுவந்தி தினமும் படித்துறையில் ஸ்டாப் வாட்சுடன் நின்று, அவர் கரையேறியதும் "பாபா, பதினாறு பத்து! நேத்தையவிட பெட்டர்!" என்று கத்தும். அப்போது நான் ஏற்கெனவே தலை துவட்டிக்கொண்டு நிற்பேன். என் நேரத்தை யாரும் எடுத்ததில்லை. சங்கத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நானே கணக்குப் போட்டுக்கொள்வேன்.

எங்கள் இருவரிடமும் இருப்பது கேரியர் வைத்த கறுப்பு சைக்கிள். அதில் இருபது கிலோமீட்டர் போகலாம், போட்டி போட முடியாது. ஆகவே ஜனவரி மாதம் முழுவதும் நான் ரேஸ் சைக்கிள் தேடினேன். பெண்டிங்க் தெருவில் பதினொரு கடை ஏறி இறங்கினேன். கியர் வைத்த புதிய சைக்கிள் என் இரண்டு மாதப் பென்ஷனைக் கேட்டது. கடியாஹாட்டில் ஒரு பழைய சைக்கிள் விலைக்கு ஒத்து வந்தது, ஆனால் முன்சக்கரத்தைத் தாங்குகிற கவையில் விரிசலைப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். துரைசாமி அந்த மாதம் எங்கும் போகவில்லை, எதையும் தேடவில்லை.

அதன் பிறகு 17-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்கு, லேக் மார்க்கெட்டில் வாஞ்சிநாதனின் காபித்தூள் கடைக்குப் போனேன். அந்தக் கடைச் சுவரில் ஒரு பலகை உண்டு. மாற்றலாகிப் போகிற நம் ஆட்கள் கட்டில், ஃபிரிட்ஜ், கிரைண்டர் எது விற்பதானாலும் அதில் சீட்டு எழுதிக் குத்திவைப்பார்கள். வேண்டியவர் சீட்டை எடுத்து வாஞ்சிநாதனிடம் காட்டிவிட்டால், மறுநாள் மாலைவரை அந்தப் பொருள் அவருக்கு உரியது. நான் இங்கு வந்ததிலிருந்து இதுதான் வழக்கம், இதை யாரும் மீறியதில்லை. அன்று நான் எடுத்த சீட்டில், பாலிகஞ்ச் முகவரி, பத்து கியர் வெளிநாட்டு சைக்கிள், ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்று இருந்தது. வாஞ்சிநாதனிடம் காட்டினேன். அவர் தலையசைத்தார்.

அப்போது துரைசாமி அங்கே கால் கிலோ பீபெர்ரி காபிக்கொட்டை அரைக்கக் கொடுத்து நின்றிருந்தார். நான் சீட்டை அவரிடம் காட்டி, "ஞாயித்துக்கிழமை என் முதுகைப் பாத்துண்டே வரலாம், ஓய்" என்றேன். இதை நான் சொன்னது உண்மை. அவர், "கிரேன்ல உக்காந்த உடம்பு, ரேஸ் சீட்டு பத்துமா ஜம்பு?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மணி மூன்றாகப் போவதால், வண்டி வாங்குகிற காரியத்தை ராகு காலத்தில் செய்ய வேண்டாம் என்று வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். வழியில் நடைபாதையில் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கினேன். நாலரை முடிந்தபின் பஸ் ஏறி, ஐந்து மணிக்கு அந்த வீட்டை அடைந்தேன். கீழே லாரி நின்றது. வீட்டு அம்மாள் சுந்தரவல்லி, "நாலு மணிக்கே ஒரு சார் வந்து எடுத்துண்டு போயிட்டாரே மாமா. சாமான் பேக் பண்றவா நிக்கறா, நான் யார் சீட்டுன்னு பாக்கறது?" என்றார். சீட்டைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு துரைசாமி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சீட்டு உம்ம கையில இருந்தது, சைக்கிள் அங்க நின்னுது. வெள்ளைக்காரன் சைக்கிளுக்கு ஏது ஓய் ராகு காலம்?" என்றார். நான் அவர் வீட்டுக் காபியைக் குடிக்காமல் வந்தேன்.

மறுநாள் 18-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அந்த சைக்கிளை முதல்முறையாகப் பார்த்தேன். நீல நிறம். கைப்பிடியில் சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல் முன்சக்கரத்தில் ஒட்டியிருந்தது. இருக்கைத் தண்டில் பழைய உயரத்தின் கோடு தெரிந்தது. துரைசாமி குள்ளமானவர், அதிலிருந்து நான்கு விரல் இறக்கியிருந்தார். அந்தக் கோடு என் காலுக்குச் சரியான உயரம். பெடலைக் கையால் ஒருமுறை சுற்றினேன். சத்தமே இல்லை. அதன் பிறகு சங்கிலியை இரண்டு சக்கரத்திலும் ஜன்னல் கம்பியிலும் கோத்துப் பூட்டினேன். அந்தப் பூட்டு அந்த சைக்கிளுக்காக வாங்கியதுதான். எதையும் உடைக்கவில்லை, எதையும் எடுத்துப்போகவில்லை.

மாலையில் மதுவந்தி என் மூன்று மாடியும் ஏறி வந்து, வங்காளி வழக்கப்படி சித்தப்பா முறை வைத்து, "காகு, சாவி குடுத்துடுங்கோ ப்ளீஸ். பாபா பேரை வாபஸ் வாங்கறேங்கறார். அப்பறம் நீங்க யாரோட ஓடுவேள்?" என்றது. நான் சாவியைக் கொடுக்கவில்லை. அன்று இரவு துரைசாமி புகார் கொடுத்தார். இன்று காலை நான் நிலையத்துக்கு வந்தேன்.

நிலைய அதிகாரி வங்காளத்தில், "பொறாமையா, மேஷோமொஷாய்?" என்று, பெரியவர்களை அழைக்கிற முறையில் கேட்டார். இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு எழுதாமல் இருந்தார். ஆகவே நானே எழுதுகிறேன்: இல்லை.

இதுவரை எழுதியது என் கையால் எழுதியது, நடந்தபடி எழுதியது, யாரும் சொல்லி எழுதியதல்ல. இனி ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்ய வேண்டியவை:

துரைசாமி தன் பெயரை வாபஸ் வாங்கக் கூடாது. அவர் இருக்கையைப் பழைய கோட்டுக்கு ஏற்ற வேண்டும்; ஏற்றிய பிறகுதான் பூட்டைத் திறப்பேன்.

நிலைய அதிகாரி அந்த சைக்கிளை இங்கே கொண்டுவந்து போட்டி முடியும்வரை வைத்திருக்க வேண்டும். காவலர் யாரும் அதில் ஏறிப் பார்க்கக் கூடாது.

நானும் துரைசாமியும் அவரவர் கறுப்பு சைக்கிளிலேயே போட்டியிட வேண்டும். அவருடையதில் இடது பெடல் ஆடுகிறது. என்னிடம் ஒரு பெடல் இருக்கிறது, தருகிறேன். மாட்டிக்கொள்வது அவர் வேலை.

வாஞ்சிநாதன் சீட்டு வழக்கத்தைத் தமிழில் எழுதிப் பலகைக்கு மேல் ஒட்ட வேண்டும்.

மதுவந்தி எப்போதும்போல் படித்துறையில் நிற்க வேண்டும். முதலில் கரையேறுவது நான். அப்போது ஸ்டாப் வாட்சைப் பார்த்து என் நேரத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

(ஒப்பம்) வை. ஜம்புநாதன்
19-02-2004