மன்றத்துக்கு ஆள் சேர்த்த விதம்

காபி நன்றாகவே இருக்கிறது, மேடம். காவல் நிலையத்துக் காபியைக் குறை சொல்பவர்கள் எங்கள் பல்கலைக்கழகத்துக் காபியைக் குடித்ததில்லை.

நான் தன்னார்வத் தொண்டர்களைப் பற்றி ஆராய்பவன். ஊர் மன்றத்தை நடத்தும் குன்வோர் அம்மாவிடம் என் ஆய்வறிக்கையை ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் அது வாஃபிள் சுடும் கருவிக்கு அடியில் கிடந்தது.

"கோவிச்சுக்காத ஐவிந்த். நல்ல தடிமன்ப்பா, மேசை சுடவே இல்ல. உள்ள எழுதியிருக்கிறதுதான் ஒரு மண்ணும் புரியல. ஆள் சேரலேன்னா வசந்தத்துல மன்றத்த மூடிருவாங்க. தனியாக் கெடக்குற கெழடுங்க எங்க போய்ச் சாப்பிடும்? ஆள் எப்பிடி வரும்? ஒரு வரியில சொல்லு பாப்போம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேள்வி நியாயமானது.

"ஊருக்குப் பொதுவா ஒரு கஷ்டம் வந்தா எல்லாரும் வருவாங்கம்மா," என்றேன்.

"கஷ்டத்துக்கு நான் எங்கடா போக? கடையில விக்குதா?" என்று சிரித்தார்.

பாவம், அவர் எங்கே போவார்? படிப்பு நடைமுறைக்கு உதவ வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறவன் நான்தானே. பனி உறையும் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, மன்றத்து அறைகளைச் சூடாக்கும் ஹீட்டரை அணைத்தேன். ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். மற்றதைக் குளிர் பார்த்துக்கொண்டது.

தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்து, பியானோவரை எல்லாம் ஊறிப்போயிருந்தது. ஞாயிறன்று ஊரே டுக்னாட்டுக்குத் திரண்டது. ஊர்கூடிச் செய்கிற அந்த வேலைக்கு வராதவனை இங்கே யாரும் திட்ட மாட்டார்கள். அடுத்த விருந்தில் கருகின வாஃபிள் அவன் தட்டில் விழும், அவ்வளவுதான். எல்லோரும் வாளியோடு வந்தார்கள். நான் மூலையில் நின்று தலைகளை எண்ணினேன். யாராவது எண்ண வேண்டுமே.

வாசலில் உறைந்திருந்த தண்ணீரில் குன்வோர் அம்மா வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வருத்தம்தான். ஆனால் பாருங்கள், அவரைப் பார்க்க மருத்துவமனைக்கு இப்போது முறைவைத்துப் போகிறார்கள். நான் கணித்ததைவிட அதிகம் பேர். மன்றத்தையும் மூடவில்லை.

"நீ சொன்னது அப்பிடியே நடந்துருச்சேப்பா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆய்வாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரே ஊரை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது, மேடம். பக்கத்து ஊர் மன்றத்தில் நீங்கள் என்னை ஜன்னல் கொக்கியும் கையுமாகப் பிடித்தது அதனால்தான். ஆமாம், நான்தான் செய்தேன். யாரும் கேட்காமல், சம்பளம் வாங்காமல், என் விடுமுறை நாளில் செய்தேன். தொண்டு என்றால் வேறென்ன, நீங்களே சொல்லுங்கள்.