செவப்புப் பூவு

பன்னண்டு பொம்மைங்ணா! எண்ணிக்கங்க, பன்னண்டு! ஒவ்வொன்னையும் மினுமினுன்னு காயிதத்துல சுத்தி, நூலு கட்டி... எதுக்குங்கறீங்க? ப்ளேன்ல பையன் அளுவாம இருக்கறதுக்காமா. அரமணிக்கு ஒன்னு பிரிச்சுக் குடுத்தா, கொழந்த சிரிச்சுக்கிட்டே சிங்கப்பூரு போய்ச் சேந்துருமாமா. யாரோ ஒரு பொம்பள செல்லுல வந்து சொல்லுச்சு. எங்கூட்டுக்காரி அத மூணு மாசமா பரிச்சைக்குப் படிக்கற மாதிரி படிச்சா. கடைசீல என்னாச்சு? கார்ல வாறப்ப ராசிபுரம் தாண்டலீங்க, பன்னண்டையும் பிரிச்சுப் போட்டுட்டு பதிமூணாவது எங்கன்னு கேக்கறான்!

அட, எங்க போறீங்க? உங்க ப்ளேனு இன்னும் சேலத்துக்கு வரவே இல்ல. பேரெழுதுன பலகையப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்களே, வாறது யாரு... குமரகுருவா? கம்பெனிக்காரருங்களா? செரி செரி. அதே ப்ளேனுதானுங்க வந்து உங்காள எறக்கி உட்டுப்போட்டு, எங்காளுகள ஏத்திக்கிட்டுப் பெங்களூரு போவுது. அங்கிருந்து பெரிய ப்ளேனு. அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒறம்பரை, சொந்தக்காரங்கன்னே வெச்சுக்கங்க. டீயக் குடிங்க, ஆறிப்போவுது.

நானுங்களா? நாம்போவலீங்க. எம்பொண்டாட்டி சரிதா, பாப்பா மதுமதி, பையன் நவீன்குமாரு, மூணு பேருந்தான். மச்சினன் சிவக்குமாரு சிங்கப்பூருல வேலைல இருக்கறான், வந்து கூட்டிக்குவான். பத்து நாளு. எனக்கு... சாமி உத்தரவு குடுக்கலீங்க. ஆமாங்க, சாமிதான். சிரிக்காதீங்க, வாரேன் அந்தக் கதைக்கு.

மொதல்ல இந்தப் பொட்டிக் கூத்தக் கேளுங்க. ஆளுக்குப் பதினஞ்சு கிலோதான் கொண்டு போலாமாமா. நாம பாக்காத லோடுங்களா? பதினெட்டு வருசம் லாரி ஓட்டியிருக்கறேன், இப்ப சொந்தமா ரெண்டு வண்டி. சின்னராசு லாரின்னா பரமத்தில எல்லாருக்கும் தெரியும். நேரா பொட்டியத் தூக்கிட்டு எடைமேடைக்குப் போயிட்டேன். லாரி நிக்கற மேடையில பொட்டிய மட்டும் வெச்சா, அங்கிருக்கறவன், 'அண்ணா, இது பத்துப் பத்துக் கிலோவாத்தான் காட்டும், நடுவுல ஒன்னுங் கெடையாது'ங்கறான். உடுவனா? பொட்டிய வண்டில ஏத்தி ஒருக்கா எடை, எறக்கிப்போட்டு வெறும் வண்டி ஒருக்கா எடை. கழிச்சுப் பாத்தா தொண்ணூறு கிலோ! எங்கூட்டுக்காரி அங்கயே உக்காந்துட்டா. துணிய ஒவ்வொன்னா எடுத்து வெளிய போடறா, ரெண்டு கிலோ மொளகாப்பொடி போவுது, பலகாரம் போவுது, அளுவறா. பொறவுதான் தெரிஞ்சுது, மொதத் தடவ வண்டிக்குள்ள நானிருந்தேன். ரெண்டாந் தடவ சீட்டு வாங்கறதுக்குக் கீழ எறங்கீட்டேன். என்ற எடையும் பொட்டில சேந்துருச்சு! 'பேசாம நீங்க பொட்டிக்குள்ளயே வாங்க'ங்கறா. அந்த வாய்க்கு ஒன்னுங் கொறச்ச இல்ல.

தார்ப்பாய் போட்டு, லாரிக்கயித்துல நல்லா முறுக்கிக் கட்டிக் குடுத்தேனுங்க. ஏர்போட்டு வாசல்லயே அவுக்கச் சொல்லிட்டாங்க. அவுக்கத் தெரியல ஒருத்தனுக்கும். நாந்தான் அவுத்தேன்.

சாமி கதைதான? சொல்றேன், அவசரப்படாதீங்க. நம்ம பக்கம் எதுன்னாலும் கொலசாமிகிட்டப் பூ கேக்காம செய்யறதில்லீங்க. கேணி வெட்டறதா, பொண்ணு எடுக்கறதா, லாரி வாங்கறதா... வெள்ளப்பூ ஒரு பொட்டலம், செவப்புப்பூ ஒரு பொட்டலம். வெளிய பாத்தா ஒன்னுபோலவே இருக்கும். சாமி முன்னால போட்டு, ஒரு கொழந்தைய உட்டு ஒன்ன எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளன்னா செய்யி. செவப்புன்னா வேண்டாம். முடிஞ்சு போச்சு, மேல பேச்சே கெடையாது.

டிக்கெட்டு போடறதுக்கு முந்தி நாஞ்சொன்னேன், 'சரிதா, கடலத் தாண்டிப் போற காரியம், ஒரு வார்த்த கேட்றலாம்'னு. போனோம். பாப்பாதான் எடுத்துது. பூசாரி பிரிச்சாரு. அரளி! செக்கச்செவேல்னு!

நானு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, 'என்னம்மா பண்றது, சாமி வேண்டாங்குது'ன்னேன். சரிதா அசையவே இல்லீங்க. பூசாரியப் பாத்து, 'அய்யா, யாரு பேருல கேட்டீங்க?'ங்கறா. 'உங்கூட்டுக்காரரு சின்னராசு பேருலதாம்மா'ன்னாரு. 'அப்ப சாமி வேண்டாங்கறது இவரத்தான? எங்கள ஒன்னுஞ் சொல்லலியே?'ங்கறா! அந்தப் பூசாரி இருக்கறாரே... தாடியத் தடவிக்கிட்டு, 'ஆமா சாமி, அது நாயந்தான்'ங்கறாரு! என்ன நாயம்? எங்கிருந்து வந்த நாயம்?

அப்பறம் அவ பேருலயும் புள்ளைக பேருலயும் மறுக்கா கேட்டா. பொட்டலம் அவளே கட்டுனா. சின்னவன் எடுத்தான். வெள்ள. நந்தியாவட்ட. அவ்வளவுதான், மூணு டிக்கெட்டு போட்டாச்சு, நா இங்க உங்களோட டீ குடிக்கறேன்.

அதா... அதா சத்தங் கேக்குது பாருங்க! வந்துருச்சு! அய்ய, என்னங்ணா இது, இத்தனூண்டு இருக்குது? றெக்கையில காத்தாடியில்ல சுத்துது! எங்கூரு மினிபஸ் இதவிட எச்சா இருக்குமுங்க! இதுலயா என்ற புள்ளைக... எறங்குது... எறங்குது... அய்யோ, குதிக்குதே! ஆ... நின்னுருச்சு. நின்னுருச்சுங்களா? பாத்துச் சொல்லுங்க. நா அப்பால திரும்பிக்கிட்டேன்.

வேர்வையா? வெயிலுங்க.

...வெயிலில்லீங்க. நெழல்லதான் நிக்கறோம்.

அண்ணா, நீங்க யாரோ, நா யாரோ. உங்ககிட்டச் சொன்னா என்ன. காஷ்மீரு வரைக்கும் வண்டி ஓட்டியிருக்கறேன். ஒரு பக்கம் மல, ஒரு பக்கம் பாதாளம், ஒத்தக் கையில ஸ்டேரிங்கு. ஆனா சேலத்துல பொருட்காச்சில ராட்டணம் ஒருக்கா மேல போயி நின்னுச்சு பாருங்க... அன்னைக்கு நானு அளுதது மூணு ஊருக்குக் கேட்டுச்சு. நல்லவேள, கண்ணாலத்துக்கு முந்தி. ஊட்டுல யாருக்குந் தெரியாது. பாப்பாவுக்கு அவங்கப்பன் புலியுங்க! லாரிக்கு அடியில படுத்தாலும் புலி, பாம்படிச்சாலும் புலி. அந்தப் புள்ள முன்னால, 'கண்ணு, அப்பனுக்கு ப்ளேனுன்னா பயம்'னு எப்பிடிச் சொல்றது?

அதனால... பொட்டலம் நாந்தாங் கட்டுனேன். ரெண்டும். ரெண்டுலயும் செவப்பரளி.

அப்பிடிப் பாக்காதீங்க! யாரையும் கெடுக்கோணும்னு செய்யலீங்க. போவாம இருந்தா நாலு பேரும் ஒட்டுக்கா ஊட்டுல இருப்போம், ஏற்காடு போலாம், கொல்லிமல போலாம், கார்லயே போலாம்னு நெனச்சேன். இப்பிடித் தனியா நிக்கோணும்னு நெனக்கலியே. பத்து நாளு அந்த ஊட்டுல நானு செவுத்தப் பாத்தா பேசறது?

இன்னொன்னு கேளுங்க. அவ கட்டுன பொட்டலத்துல... ரெண்டுலயும் வெள்ளதான் இருந்துருக்கோணும்! எனக்கு நல்லாத் தெரியும். கட்டறப்ப அந்த மொகத்தப் பாத்தேனுங்க, நானு கட்டறப்ப எப்பிடி இருந்தேனோ அப்பிடியே இருந்தா. ஆனா எப்பிடிக் கேக்கறது? 'உன்ற இன்னொரு பொட்டலத்தப் பிரி'ன்னு சொன்னா, 'உங்களுதையும் பிரிங்க'ம்பா. போயி டிக்கெட்டுக்குப் பணத்தக் கட்டுனேன்.

இருங்க... போனு. பாப்பாதான்.

ஆ, சொல்லு கண்ணு. ஏறப் போறீங்களா? தம்பி வாந்தி எடுத்தானா? இன்னும் ஏறவே இல்லியே, அதுக்குள்ளயா! செரி, தண்ணி குடு. அம்மா எங்க? கழுவி உடறாளா... என்னது? பையில என்ன வெச்சிருக்கற? ...எந்தப் பொட்டலம்?

...எடுக்காம உட்ட ரெண்டாவதா?

எப்ப எடுத்த? அன்னைக்கேவா? அய்யோ, மெல்லப் பேசு சாமி... காஞ்சு போச்சா? செவப்பா. ஆமா, செவப்பாத்தான் இருக்கும். ...அம்மாளோடதும் வெச்சிருக்கறியா! அது? வெள்ளயா? ரெண்டும் வெள்ளயா? பாத்தியா! நாஞ்சொல்லல! ...செரி செரி, சிரிக்கல. அப்பன் செஞ்சதும் தப்புதான். ஒன்னும் பேசல.

ஏங் கண்ணு அன்னைக்கே சொல்லல? ...ம். ...ம். ரெண்டு பேருஞ் சண்ட போடுவீங்கன்னா? ...பயமா? யாருக்கு? அப்பனுக்கா? பாம்ப அடிச்ச அப்பனுக்கா?

...ஆமா சாமி. பயந்தான்.

இல்ல, அளுவல. தூசி. நீ சிரிக்கறியா? சிரி. ...அடுத்த லீவுக்கா? நாலு பேருமா? கண்ணு, கப்பலு கிப்பலு எதுனாச்சும்... இல்லீனா? அம்மாகிட்டப் பொட்டலத்தக் காட்டிருவியா? அடிப்பாவி! பதினொரு வயசுல எங்க கத்துக்கிட்ட இதையெல்லாம்? ...எங்ககிட்டயா? ம், அதுஞ் செரிதான்.

செரி. வாரேன். சத்தியமா வாரேன். நீ கையப் புடிச்சுக்கோணும். உடக்கூடாது. அம்மா வாராளா, போன வெய்யி, வெய்யி... போய்ட்டு வா சாமி.

அண்ணா, கேட்டீங்களா என்ற புள்ள... அண்ணா? அட, ஆளு வந்துட்டாருங்களா? ஏனுங்க, நீங்கதான குமரகுரு சாரு? இதுலதான வந்தீங்க? ஒரு நிமிசமுங்க... மேல ஏறறப்ப கண்ண மூடிக்கோணுங்களா, தொறந்து வெச்சுக்கோணுங்களா? நா அடுத்த லீவுக்குப் போறேன், அதுக்குத்தான்... சார்... கார்க் கதவச் சாத்தாதீங்க... அண்ணா, போறப்ப அவருகிட்டக் கேட்டு ஒரு போனாவது போடுங்கண்ணா! சின்னராசுங்க, பரமத்தி! கண்ண மூடறதா தொறக்கறதா, அது ஒன்னு மட்டும்... ஏனுங்ணா...