மோட்டார் ரூம் காவல்

தர்மினி: அறுபத்தெட்டு வயசு மனுசனை ராத்திரி பூரா கிணத்து மோட்டாருக்குக் காவல் வச்சிருக்கியளே, உங்களுக்கே நல்லாருக்கா அண்ணாச்சி?

சங்கரசுப்பு: காலங்காத்தால ஏன் தாயி… ஆட்டை அவுத்து விட்டுக்கிடுதேன், இரு.

தர்மினி: ஆடு நிக்கட்டும். அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு, அதான் இப்ப வந்தேன். அவருக்கு வீசிங். நேத்துப் பகல் பூரா ஒரே இருமல்.

சங்கரசுப்பு: இருமுனாரா? என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே.

தர்மினி: எங்க சொல்லுவாரு? இலங்கையில வள்ளம் ஏறுன நாள்லேருந்து எதையும் வாய்விட்டுச் சொல்லாத மனுசன். "காவல் வேலை கிடைச்சிருக்கு மகள், இனி ராவில நான் அங்கதான்"னு பாயைச் சுருட்டிட்டு இங்கன வந்துட்டாரு.

சங்கரசுப்பு: அது… ஆமா. திருட்டுப் பயம்லா. இளையரசனேந்தல் பக்கம் வயரையெல்லாம் அறுத்துட்டுப் போயிட்டானுவ.

தர்மினி: கதவை ஏன் மறைச்சுக்கிட்டு நிக்கிய?

சங்கரசுப்பு: யாரு மறைச்சா? வெயிலுக்கு ஒதுங்கி நிக்கேன்.

தர்மினி: வெயிலே இந்தப் பக்கந்தான அடிக்கி!

சங்கரசுப்பு: ஏட்டி, நீ வக்கீலுக்குப் படிச்சியா? அதை விடு… ஏதோ டிரஸ்ட்காரங்க உங்க அகதி கேம்ப்புக்கு வந்தாங்களாமே. என்ன தந்தாவ?

தர்மினி: கட்டில்.

சங்கரசுப்பு: கட்டிலா!

தர்மினி: இரும்புக் கட்டில். வீட்டுக்கு ஒண்ணு. என்ன வேணும்னு கேட்டாவ, படுக்க இடமில்லன்னோம். முப்பது வருசத்துக்கு மேல அதே பத்துக்குப் பத்து ரூம்பு. அப்பா, அம்மா, நான், என் வீட்டுக்காரரு, பிள்ளைய ரெண்டு, தம்பி, தம்பி பொண்டாட்டி. நடுவுல ஒரு சேலை. இதுல கட்டிலை எங்கன போட? எங்க தலைமேலயா?

சங்கரசுப்பு: அடப்பாவிகளா! சொல்ல வேண்டியதுதானே?

தர்மினி: சொன்னேன். "போட்டோவுக்குக் கொஞ்சம் சிரிங்கம்மா"ன்னாவ. கட்டிலைத் தெருவுல போட்டுத்தான் எடுத்தாவ. இப்பமும் அங்கனதான் கெடக்கு. நாய் படுத்திருக்கு. எங்க கேம்ப்லயே தனியாக் கால் நீட்டித் தூங்குதது அது ஒண்ணுதான்.

சங்கரசுப்பு: சிரிப்பும் வருது தாயி… சிரிக்கவும் முடியல.

தர்மினி: சிரிங்க. புது வீடு கட்டப்போறோம்னு அளந்துட்டுப் போனவனும் இப்படித்தான் சிரிச்சான். திரும்பி வரவே இல்ல. போன வருசம் தம்பி கல்யாணத்தன்னிக்கு ராத்திரி நாங்க அத்தனை பேரும் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்திருந்தோம். தெரியுமா உங்களுக்கு?

சங்கரசுப்பு: …தெரியும். உங்கப்பா சொன்னாரு.

தர்மினி: ஓ. எதையுமே சொல்லாத மனுசன் அதை மட்டும் சொன்னாராக்கும்.

சங்கரசுப்பு: ஏதோ… பேச்சுவாக்குல…

தர்மினி: மறுநாள்தான அவருக்குக் காவல் வேலை கிடைச்சுது?

சங்கரசுப்பு: ஏட்டி, விட்டுரேன். "ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ"ன்னு கையைப் பிடிச்சுக் கேட்டவரு அவரு.

தர்மினி: கிணத்துல தண்ணி எம்புட்டு கெடக்கு அண்ணாச்சி?

சங்கரசுப்பு: அது எதுக்கு இப்ப? ஆட்டை அவுக்கணும், வழி விடு.

தர்மினி: மோட்டாரு?

சங்கரசுப்பு: கிணறு வத்தி ரெண்டு கோடையாச்சு. மோட்டாரைக் கழட்டி வித்தாச்சு. ரூம்புக்குள்ள உங்கப்பா பாயும் ஒரு ஆட்டுக்குட்டியுந்தான். காவலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவராத்தான் வந்து படுக்க இடம் கேட்டாரு. போதுமா? இப்ப ஏசு, நல்லா ஏசு. தெரிஞ்ச மாதிரி அவருகிட்ட மட்டும் காட்டிக்கிடாத.

தர்மினி: அவரு பாயைச் சுருட்டும்போதே எனக்குத் தெரியும்.

சங்கரசுப்பு: தெரியுமா! பிறகு எதுக்குட்டி என்கிட்ட வந்து இந்தக் கத்து கத்துன?

தர்மினி: வேற யாருகிட்டக் கத்த? கட்டில் தந்தவன் காரேறிப் போயிட்டான். அளந்தவனைக் காணோம். நின்னு கேக்கது நீங்க ஒரு ஆளுதான்.

சங்கரசுப்பு: சரி… கத்திட்ட. மனசு ஆறிட்டுல்லா? ஆட்டுப்பால் இருக்கு, கொண்டு போ.

தர்மினி: ஆறல. தம்பி பொண்டாட்டிக்குப் பிள்ளை பொறந்திருக்கு அண்ணாச்சி. நாளைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வாரோம். இந்த மோட்டாருக்கு இன்னொரு காவலாளு வேணும்னு, நீங்களா வந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிடுதியளா? கட்டிலை நான் கொண்டாந்து போட்டுருதேன்.