ஒற்றை நட்சத்திரப் பாதை

நடப்பது எனக்குப் பிடிக்கும், சார். தென்காசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் உட்கார்ந்தே கிடப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் நடந்து அணைக்குப் போய் வருவது ஒரு சுகம். ஏற்றம் கிடையாது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்போடு போகலாம்.

அந்தப் பாதையில்தான் என் பெட்டியை ஒளித்து வைத்தேன். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. டப்பா ஒன்றை எங்காவது மறைத்துவிட்டு, அந்த இடத்தின் குறியை ஆப்பில் போட வேண்டும். மற்றவர்கள் போனைப் பார்த்துத் தேடி வந்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப வைப்பார்கள். போகிற வழி எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நட்சத்திரம் உண்டு. ஒன்று என்றால் சக்கர நாற்காலிகூடப் போகும். ஐந்து என்றால் கயிறு வேண்டும். அதைப் போடுவது பெட்டியை வைத்தவன்தான். யாரும் வந்து அளந்து பார்ப்பதில்லை, அவன் வாக்குதான்.

என் பெட்டிக்கு ஒரு நட்சத்திரம். காட்டுக்குள் அப்படி அமைவது அபூர்வம். கொச்சியிலிருந்து ஒருவர் நடக்க முடியாத தன் தாயாரைக் கூட்டி வந்து, பெட்டியைக் கண்டெடுத்து, ஆப்பில் நாலு வரி நன்றி எழுதியிருந்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டினேன். லென்ஸ் மாற்ற வந்தவர்கள் பாவம், கேட்டுத்தானே ஆக வேண்டும்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவன்தான் சங்கிலிப்பாண்டி. பாவூர்சத்திரத்தில் வெங்காய மண்டியில் எடை போடுகிறவன். போலியோவில் இடது கால் சூம்பி, இரும்புக் காலிப்பர் மாட்டி, ஊன்றுகோலோடு நடப்பான். உனக்கென்றே ஒரு காடு இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

போன சாரல் சீசனில் குற்றாலத்துக் கூட்டம் அணைப்பக்கமும் வந்தது. பெட்டி அடிக்கடி காணாமல் போனது. ஒரு தடவை நிஜமாகவே குரங்கு கையில் பூமாலைதான், மூடி மட்டும் மரத்தடியில் கிடந்தது. அதனால் பாதையை விட்டுக் கீழே, தண்ணீரோரப் பாறை இடுக்கில் கொண்டுபோய் வைத்தேன். குறியை மாற்றினேன். நட்சத்திரத்தை மாற்றவில்லை. அந்தச் சரிவு நாலுக்குக் குறையாது, அது எனக்குத் தெரியும். நாலு என்று போட்டால் என் பெட்டியும் பத்தோடு பதினொன்று.

பங்குனியில் சங்கிலிப்பாண்டி வந்தான். துணைக்கு நானும் போனேன். பேசிக்கொண்டே நடந்தோம். போன் காட்டிய இடத்துக்கு நேர் மேலே நின்று கீழே எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒரு ஸ்டார்னுதான போட்டிருக்கிய? அப்ப நான் எறங்கலாம்லா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் நான் போட்டது பொய் என்று அவனுக்குத் தெரிந்துபோகும். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எறங்கலாம். பைய எறங்கு."

பாதிச் சரிவில் ஊன்றுகோல் வழுக்கியது. உருண்டு போய்த் தண்ணீரோர வண்டலில் விழுந்தான். மேலே காய்ந்து தரை மாதிரித் தெரியும், உள்ளே கூழ். காலிப்பரின் கனம் அவனை உள்ளே இழுத்தது. நெஞ்சுவரை போன பிறகும் அவன் அலறவில்லை. "அண்ணாச்சி, அந்தத் துண்டப் போடுங்க" என்று மட்டும் சொன்னான்.

நானும் பின்னாலேயே இறங்கி ஓரப் பாறையில் நின்றிருந்தேன். துண்டு என் தோளில்தான் கிடந்தது. எட்டியிருக்கும். இங்கே சிக்னல் இல்லை, போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று சொல்லி அணைக்கரைக்கு ஓடினேன்.

நான் ஓடியதை எல்லோரும் பாராட்டுகிறார்கள். அணை வாட்சர் கயிறோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் அக்கா பொன்செல்வி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க ஓடுனதாலதான் அண்ணாச்சி, தம்பி மொகத்தையாவது பாத்தோம்" என்றாள். கூனிக் குறுகிப் போனேன், சார். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட எனக்கு இறங்கவில்லை. அந்த வெட்கம் தாங்காமல்தான் நானே இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

கரை ஏறியதும் சிக்னல் கிடைத்தது. முதலில் ஆப்பைத் திறந்தேன். ஒன்றை நாலாக்கினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அது நிற்கும்வரை காத்திருந்தேன். கீழிருந்து அவன் கூப்பிடுவது கேட்டது. மாறிவிட்டது என்று காட்டிய பிறகுதான் 108-க்குப் போட்டேன். பேசி முடித்தபோது கீழே சத்தம் இல்லை.

அவனைப் போல நடக்க முடியாத இன்னொருவர் நம்பி வந்துவிடக் கூடாதே என்றுதான் அதை முதலில் மாற்றினேன், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.