சட்டைப்பை டோர்ச்சுக்கு ஒரு நன்றியுரை

மழையையும் மதியாது மன்றத்துக்கு வந்து, போட்ட மாலையைக் கழற்றவும் மனமின்றித் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய முத்துலிங்கம் ஐயா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் ஆலய பரிபாலன சபைப் பெரியோர்களே! இந்த விழாவுக்காக ஓடியாடிச் செருப்பறுந்த இளைஞர் மன்றத்துத் தம்பி கிஷாந்த் அவர்களே! சென்ற வருடம் வீட்டுக்கொன்றாகக் கொட்டகலை கடைவீதியிலிருந்து இந்த டோர்ச் லைட்டுகளைக் கொண்டுவந்து இறக்கிய ஹசன் நானா அவர்களே! மலையில் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, சேலை மாற்றவும் நேரமில்லாமல் நனைந்த முந்தானையோடு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! தங்கைமார்களே! பின்சுவரில் சாய்ந்து நிற்கும் வாலிபத் தோழர்களே! அத்தனை பேருக்கும் மரண உதவிச் சங்கச் செயலாளர் ஆண்டியப்பனின் அன்பு கலந்த, கொஞ்சம் அலுப்பும் கலந்த வணக்கம்.

ஆமாம், அலுப்புத்தான். மறைப்பானேன்? இந்தத் தோட்டத்தில் சாவு வீடா, ஆண்டியப்பனைக் கூப்பிடு. சாமி கும்பிடா, ஆண்டியப்பனைக் கூப்பிடு. சடங்கு வீடா, சங்கக் கூட்டமா, ஆண்டியப்பனைக் கூப்பிடு. பேசினேன், பேசினேன், பேசிக்கொண்டேயிருந்தேன். பேசிப் பேசித் தொண்டை தேய்ந்ததே, நம் லயத்து வீட்டுக் கூரையின் ஓட்டைத் தகரம் மாறியதா? மேற்பிரிவுப் பாதையிலே ஒரு விளக்குக் கம்பம் முளைத்ததா? என்ன தம்பி, பின்னாலிருந்து ஏதோ சொல்கிறீர்கள்? "மைக்கும் மாறல"யா? அதுவும் நியாயமான பேச்சுத்தான், உட்காருங்கள்.

சரி, இன்று என்னை அழைத்தது இந்தச் சின்னப் பொருளுக்கு நன்றி சொல்ல. இதோ, என் கையில் இருக்கிறது. பின்வரிசைக்குத் தெரியாது, இது என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். ஒரு வருடமாக என் சட்டைப்பையில் கிடக்கிறது. அந்தக் காலத்து டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு நடந்தால் உலக்கையைத் தூக்கிக்கொண்டு நடப்பது போலிருக்கும். வாங்கிய பெட்டரி வழியிலேயே செத்துப்போகும். இதற்குப் பெட்டரியே வாங்க வேண்டாம், ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றும் அதே வயரைச் செருகினால் போதும். அடியில் காந்தம் இருக்கிறது, லயத்துத் தகரத்தில் ஒட்டிவிட்டு அதன் வெளிச்சத்தில் சோறு வடிக்கலாம். பக்கத்தில் ஒரு கிளிப் இருக்கிறது, கொழுந்துப் பையின் கயிற்றிலே மாட்டிக்கொள்ளலாம். காலில் ஏறும் அட்டையைத் தேடிப் பிடிக்க இதைப்போல வேறொன்று கிடையாது. தண்ணீர்க் கானில் விழுந்தது, மழையில் ஊறியது, என் வீட்டு மாடு ஒருமுறை மிதித்தது. அணைந்ததா? இல்லை!

குறையும் உண்டு. முழு வெளிச்சத்தில் வைத்தால் கை சுடும். பையிலிருக்கும்போது தானாக அமுங்கி எரிந்துவிடும். போன தைப்பொங்கலன்று பூசை நடுவே என் நெஞ்சு எரிவதைப் பார்த்துப் பூசாரி, "அண்ணே, உங்க மேல சாமி வந்திருச்சு!" என்று திருநீற்றோடு ஓடி வந்தார். சிரிக்காதீர்கள், சட்டை கருகியது எனக்குத்தான் தெரியும்.

ஆனால் தாய்மார்களே, இதன் பெரிய குறையை நான் இன்னும் சொல்லவில்லை. இதன் வெளிச்சம் வெள்ளை. பளீரென்ற வெள்ளை. நம் மலையிலே பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரும் வெள்ளை வெளிச்சம் எது? சொல்லுங்கள்! சத்தமாகச் சொல்லுங்கள்! ஆமாம், கண்டாக்கு ஐயாவின் மோட்டார் சைக்கிள். வேலை பார்க்கிறார்களா, வெட்டிப்பேச்சுப் பேசுகிறார்களா என்று மேற்பார்க்க வருகின்ற வெளிச்சம். அதைக் கண்டால் பேச்சு நிற்கும். உட்கார்ந்தவள் எழுவாள். எழுந்தவள் ஓடுவாள்.

முன்வரிசையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் நாகலெட்சுமி அக்காவை உங்களுக்குத் தெரியும். இதைச் சபையில் சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "சொல்லு தம்பி, எங் காலு போனதுக்கு ஒரு பேச்சாவது மிஞ்சட்டும்" என்றார். அதனால் சொல்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு பின்னேரம். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கிறார்கள். அக்காவுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. வீட்டுக்குப் போனால் அன்றைய நாளுக்கு அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம். அதனால் போகவில்லை. கொழுந்துப் பையை இறக்கி வைத்துவிட்டுக் கான் ஓரத்தில் சற்றே உட்கார்ந்தார். காய்ச்சல்காரி ஒரு கணம் உட்கார்ந்தாள், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

கீழே லயத்திலே அவர் மகள் ஷாமிலாவுக்குச் செய்தி எட்டியது. பனடோல் மாத்திரையையும், போத்தலில் சுடுதண்ணீரையும் எடுத்துக்கொண்டு பிள்ளை மலையேறினாள். பனி இறங்கிப் பாதை தெரியவில்லை. கையில் இதே மாதிரி ஒரு டோர்ச் இருந்தது, முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு ஓடினாள். மழை இரைச்சலில் மோட்டார் சத்தம் கேட்கிறதா, இல்லையா என்று யாருக்குத் தெரியும்? மேலிருந்து ஒரு குரல் கத்தியது: "ஏய், கண்டாக்கு வர்றாரு!"

காய்ச்சலில் கிடந்த பெண் எழுந்தார். பையைத் தூக்கினார். தன் தேயிலை நெரைக்குப் பாய்ந்தார். பாய்ந்த கால் கானுக்குள் இறங்கியது, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. பெற்ற மகள் மருந்தோடு வருகிறாள், பெற்றவள் பயந்து ஓடுகிறாள்! என் மக்களே, இந்தக் கொடுமையை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

"அம்மா! நான்தாம்மா, ஷாமிலா!"

"நீயா புள்ள... நான் அவருன்னுல்ல நெனச்சேன்."

கம்பளியில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கி வந்தோம். அங்கே கொழுந்து லொறி நிற்கிறது, பக்கத்தில் மெய்யான கண்டாக்கு நிற்கிறார். "கொழுந்து சூடாகிக் கெட்டுரும். லொறி மொதல்ல பெக்டரிக்குப் போகட்டும், வந்து ஏத்துவோம்" என்றார். நாங்கள் என்ன செய்தோம்? சங்கச் செயலாளர் என்ன செய்தார்? தலையைச் சொறிந்தோம். அப்போது கம்பளியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மகளின் டோர்ச்சை வாங்கி, கண்டாக்குவின் முகத்துக்கு நேரே பிடித்தார் அக்கா.

கண்டாக்கு கண்ணை மறைத்துக்கொண்டு, "லைட்ட எறக்கு!" என்று கத்தினார்.

"மொதல்ல என்னைய ஏத்துங்கய்யா. அப்பறமா எறக்குறேன்."

வெளிச்சம் இறங்கவில்லை. கண்டாக்கு அக்காவைப் பார்த்தார், சுற்றிலும் எங்களைப் பார்த்தார், பிறகு டிரைவரிடம் மூட்டைகளை இறக்கி அக்காவை ஏற்றச் சொன்னார். கைதட்டுகிறீர்கள்! தட்டுங்கள், நானும் அன்று பெருமைப்பட்டேன். ஆனால் அந்தக் காலில் இப்போது தகடு இருக்கிறது. அக்கா இனி மலையேற முடியாது, பிள்ளைக் காம்பராவில் மற்றவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். கால் போன பிறகு வந்த வெற்றிக்கு எவ்வளவு நேரம்தான் கைதட்டுவது?

ஆகவே இந்த டோர்ச்சுக்கு நன்றி சொல்லும் இவ்வேளையிலே, பாட்டன் காலத்திலிருந்து நம் முதுகெலும்பில் ஊறிப்போன அந்தப் பயத்தை... அது என்ன, வாசலில் வெளிச்சம்? ஏதோ வாகனம் வருகிறது. கண்ணைக் கூசுகிறதே! என்ன, எல்லோரும் எழுந்துவிட்டீர்கள்? தலைவர் ஐயா, நீங்களுமா? யாரய்யா வருவது, தோட்டத்துத் தொரையா? கொஞ்சம் விலகுங்கள், பார்க்கிறேன்.

அட, நம்ம தேத்தண்ணிக் கடை வீரய்யா! ஆட்டோவில் வடை கொண்டுவந்திருக்கிறார்!

சிரியுங்கள், சிரியுங்கள். வடைக்கு எழுந்து நின்று மரியாதை செய்த சனம் இந்த நாட்டிலேயே நாமாகத்தான் இருப்போம். நானும் சிரிக்கத்தான் பார்க்கிறேன். ஆனால் முன்வரிசையைப் பாருங்கள், நாகலெட்சுமி அக்காவும் நிற்கிறார். தகடு வைத்த காலில், கைத்தடியும் இல்லாமல் நிற்கிறார். ஏன் அக்கா? என்ன? மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. ஷாமிலா, அம்மா என்ன சொல்கிறார், நீ சத்தமாகச் சொல்லும்மா.

"காலு தானா எந்திரிச்சிருச்சாம் மாமா."

கேட்டீர்களா? கண்டாக்குவின் முகத்துக்கு வெளிச்சம் பிடித்த பெண்தான் இவர். மனசு நிமிர்ந்துவிட்டது, கால் இன்னும் அடிமையாகவே இருக்கிறது. விளக்குக் கம்பம் நட ஆளைப் பிடிக்கலாம். மனுப் போடலாம், மறியல் செய்யலாம். தானாக எழுகின்ற காலுக்கு நான் யாரிடம் போய் மனுக் கொடுப்பேன்? உண்மையாகவே களைத்துவிட்டேன், என் மக்களே.

உட்காருங்கள் அக்கா. ஷாமிலா, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொள். எல்லோரும் உட்காருங்கள். தொரை வரட்டும், கண்டாக்கு வரட்டும், மந்திரியே வரட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே "யாரு?" என்று கேட்போம். பதில் வரட்டும். அதன் பிறகு எழுவதா, வேண்டாமா என்று நாம் முடிவு செய்வோம். இன்று முடியாவிட்டால் நாளை முயல்வோம், நாளையும் முடியாவிட்டால் நம் பிள்ளைகளுக்காவது உட்காரப் பழக்குவோம்.

பொறுமையாகக் கேட்ட தலைவர் ஐயாவுக்கும், தாய்மார்களுக்கும், தம்பிகளுக்கும், சூடு ஆறுமுன் வடையோடு வந்த வீரய்யாவுக்கும் என் நன்றி. இப்போது நான் மேடையைவிட்டு இறங்கப்போகிறேன். பெரியவர் இறங்குகிறாரே என்று ஒருவரும் எழுந்துவிடாதீர்கள், அது போதும் எனக்கு. வணக்கம்.